பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே

கோயம்புத்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இரயில் வண்டி, வாளையாற்றைத் தாண்டியதும் கேரள மாநிலத்தினுள் நுழைகின்றது. நெடுஞ்சுவர்போல் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலை இவ்விடத்தில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். காற்றும் வணிகரும் படைகளும் இவ்வழியேதான் வந்தன. 1766-ல் ஹைதர் அலி கட்டுவித்த கோட்டை இன்றும் நகரின் நடுவே நிற்கின்றது. கேரளம் என்றதும் தென்னையை நினைக்கும் நமக்கு, இங்கு வயல்வரப்புகளில் வரிசையாக நிற்கும் பனைகள் வியப்பளிக்கும்.

1956-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதிவரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் மலம்புழை அணையைத் திறந்துவைத்தவர் சென்னை முதலமைச்சர் காமராசரே. பிற மாநிலங்களில் வாழும் நாமெல்லாம் ஊரைவிட்டுப் பெயர்ந்து வந்தவர்கள். இங்குள்ள தமிழரோ இருந்த இடத்திலேயே இருக்க, மாநிலத்தின் பெயர்தான் மாறியது. ஆயினும் அவர்களுடைய முன்னோரும் சில நூற்றாண்டுகளுக்கு முன் சோழ, பாண்டிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களே. வேற்றுமொழிச் சூழலில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு குடி எதைக் காத்துக்கொண்டது, எதை நெகிழவிட்டது என்பதைக் காண இதனினும் ஏற்ற நகரம் நாமறிய வேறில்லை.

முதலில் கல்பாத்திக்குச் செல்வோம். ஒட்டி ஒட்டி அமைந்த ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் கொண்ட நேரான தெருக்கள். தெருக்களை அடுத்துக் கல்பாத்தி ஆறு. காசிக்குச் சென்று சிவலிங்கத்துடன் திரும்பிய லட்சுமி அம்மாள் என்னும் கைம்பெண்ணின் முயற்சியால் 1425-ஆம் ஆண்டளவில் விசுவநாதர் கோயில் எழுந்தது என்பது தலவரலாறு. கோயிலிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டுகளைக் கண்டோர் ‘காசியிற் பாதி கல்பாத்தி’ என்றனர். ஐப்பசிக் கடைசி நாட்களில் இங்கு நடைபெறும் தேர்த்திருவிழா நாடறிந்தது. தேரும் வடமும் நாம் அறிந்த தமிழ்நாட்டு வழக்கே. ஆனால் முன்னால் மக்கள் வடம்பிடித்து இழுக்க, பின்னால் யானை தன் நெற்றியைக் கொடுத்துத் தேரை உந்துகின்றது! தஞ்சையின் தேரும் மலையாளத்தின் யானையும் ஒரே தெருவில் கூடி உழைக்கும் இக்காட்சியைக் காண்பதற்கென்றே ஒருமுறை செல்லலாம். நிறைவு நாள் மாலையில் அண்டைக் கோயில்களின் தேர்களும் வந்து சந்திக்கின்றன. விழாவையொட்டி இசை அரங்குகளும் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதரையும் பாலக்காட்டு மணி ஐயரையும் தந்த வட்டாரமன்றோ இது!

இனிச் சமையலறை. சாம்பாரும் இரசமும் இங்கு உண்டெனினும், இவ்வூரார் தமக்கே உரியதாகப் போற்றுவது மொளகூட்டல். வெந்த பருப்புடன் கீரையையோ பூசணியையோ சேர்த்து, தேங்காய், சீரகம், மிளகாய் மூன்றையும் அரைத்துவிட்டு, தேங்காயெண்ணெயில் தாளிப்பர். புளி சேர்ப்பதில்லை. அக்குறையை நிரப்பவே பக்கத்தில் புளிப்பான பச்சடி ஒன்றை வைப்பது முறையாயிற்று. தமிழ்நாட்டுக் கூட்டின் உடலும் மலையாளத் தேங்காயின் மணமும் இதில் பிரிக்கவொண்ணாதபடி கலந்துவிட்டன. ஓலனும் எரிசேரியும் பிரதமனும் அதே இலையில் இடம்பெறுகின்றன. எது இரவல், எது சொந்தம் என்று உண்பவர் கேட்பதில்லை.

தமிழர் என்றால் அக்கிரகாரத்தார் மட்டுமல்லர். கிழக்கே சித்தூர் வட்டத்தில் கவுண்டர்கள் உழவு செய்து வாழ்கின்றனர். எலப்புள்ளிக்கு அருகிலுள்ள இராமசேரியில் முதலியார் குடும்பத்தினர் சிலர் இட்டலி செய்து பெயர்பெற்றனர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. மண்பானையின் வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து மாவை ஊற்றி, விறகடுப்பில் ஆவியில் வேகவைக்கின்றனர். தட்டையாக, தோசைக்குத் தம்பிபோல் தோன்றும் அந்த இட்டலியைத் தேங்காயெண்ணெயில் குழைத்த பொடியுடன் உண்ணவேண்டும்.

இவர்கள் பேச்சும் அவ்வாறே கலந்தது. ‘நினைவிருக்கிறதா’ என்பதற்கு ‘ஓர்மை இருக்கா’ என்பர். மலையாளம் என்று நகைப்பதற்கு முன், ஓர்தல் என்பது பழந்தமிழ்ச் சொல் என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் நன்று. கவலைக்குரியது பேச்சன்று, எழுத்தே. வீட்டில் நாள்தோறும் தமிழ் பேசியும், அதை எழுதவேண்டின் மலையாள எழுத்தையே நாடும் குடும்பங்கள் பல. கேரள அரசு 1969-ல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே விடை பெறவும் இடமளித்தது. எழுத்தறியாதார்க்கு அவ்வுரிமை எங்ஙனம் பயன்படும்? கல்பாத்தியைப் பாரம்பரியக் கிராமமாக அரசு அறிவித்ததும் நற்செயலே. ஆனால் அவ்வீடுகளின் பிள்ளைகள் பலர் மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும், டில்லியிலும், கடல்கடந்தும் குடியேறிவிட்டனர். இதை வாசிப்போரிலும் அவர்கள் வழிவந்தோர் இருக்கக்கூடும்.

தெற்கே இடுக்கி மாவட்டத்து மலைகளிலும் இதே எல்லைக்கதை வேறு வடிவில் தொடர்கின்றது. தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களைத் தம் உழைப்பால் வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரே. மறையூரில் கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கையால் உருட்டும் வெல்லம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வேண்டும்.

பாலக்காட்டுக்குச் செல்ல விரும்புவோர் நவம்பர் நடுவில் செல்லலாம். தேர் நாட்களில் தெருக்களில் நெரிசல் மிகும். அமைதியாகத் திண்ணையோரம் நடந்து பேச நினைப்போர் பத்து நாள் பிந்திச் செல்க. இராமசேரிக்கு மட்டும் காலையிற் செல்வதே நலம்.