சவுக்குத் தோப்பில் முளைத்த மாளிகைகள்!

ஒரு கிரவுண்டு நிலம். அதாவது 2,400 சதுர அடி. கடலோரமாக இருந்தால் அதன் விலை என்ன தெரியுமா? கோடிக்கணக்கில் ரூபாய்!

சென்னைக்குத் தெற்கே உள்ள ஈஞ்சம்பாக்கத்தில்தான் இந்த விலை.

60 ஆண்டுகளுக்கு முன் அது ஒரு சிறு கிராமம். கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடுவே மணல். அந்த மணலில் சவுக்கும் தென்னையும் வளர்ந்தன. கரையில் மீனவர் குப்பம் இருந்தது.

மணலில் என்ன பெரிதாக விளையும் என்று எண்ணக் கூடாது. சவுக்கு நல்ல பணப் பயிர். நட்ட சில ஆண்டுகளில் வெட்டி விடலாம். 19-ம் நூற்றாண்டில் ரெயில் என்ஜின்களுக்கே சவுக்கு விறகு போட்டார்கள். பிறகு பட்டணத்து அடுப்புகள் அதை எரித்தன. பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகுகள் சென்றன. வடக்கே எண்ணூர், பழவேற்காடு வழியாக ஆந்திரம் வரை போகும் அதே கால்வாய்தான். 1965, 1966-ம் ஆண்டுப் புயல்களில் அது பாழ்பட்டது. படகுப் போக்குவரத்தும் நலிந்தது.

அந்த 1966-ம் ஆண்டில்தான் ஈஞ்சம்பாக்கத்துக்குப் புதியவர்கள் வந்தார்கள். அவர்கள் பணக்காரர்கள் அல்ல, ஓவியர்கள்! சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் வந்தார்கள். துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் ‘பத்திக்’ வேலை செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். ‘சோழமண்டலம்’ என்று பெயர் வைத்துக் குடியேறினார்கள். ஓவியம் விற்றுப் பிழைப்பவர்களும் வாங்கக்கூடிய விலையில் அன்று நிலம் இருந்தது!

1998-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை திறக்கப்பட்டது. புதுச்சேரிக்குக் கார்கள் பறந்தன. தோப்புகள் மனைகள் ஆயின. வேலிகள் இருந்த இடத்தில் உயரமான மதில்கள் எழுந்தன. 2011-ல் ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

கடலோரக் கட்டடங்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு என்று 1991-லேயே மத்திய அரசு அறிவித்தது.

தண்ணீர் என்ன ஆகும்?

மழை நீரை மணல் குடித்துக் கொள்ளும். அது உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்கும். கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மோட்டார் வைத்து அளவுக்கு மீறி உறிஞ்சினால், கீழே உள்ள உப்பு நீர் மேலே வரும். கடலும் உள்ளே புகும்.

இதைத் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மீஞ்சூர் பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுத்தார்கள். கடல் நீர் பல கிலோமீட்டர் தூரம் நிலத்துக்கு அடியில் ஏறி விட்டது. வயல் கிணறுகள் கரித்தன. மீஞ்சூரில் நெல் விளைந்த மண் அது!

ஈஞ்சம்பாக்கத்தில் மீனவர் குப்பம் இன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோதும் அவர்கள் கரையை விட்டு நிரந்தரமாகப் போய்விடவில்லை. படகை இழுத்து நிறுத்த இடம் வேண்டும். வலை உலர்த்த மணல் வேண்டும். கடலுக்குப் போக வழி வேண்டும். இரண்டு பக்கமும் மதில்கள் நிற்க, நடுவில் உள்ள சந்துதான் அந்த வழி.