பல்லாவரத்துக் கல்லும் கிரென்வில் மலையும்

மாண்ட்ரியலில் பார்க் எக்ஸ்டென்ஷன்வாசிகளான எங்களுக்கு மலை என்றால் தெற்கே இருக்கும் மாண்ட் ராயல்தான். அது அணைந்துபோன எரிமலை என்று பலரும் சொல்வதுண்டு. நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் அது சுமார் 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியிலேயே உறைந்துவிட்ட பாறைக்குழம்பு. சுற்றிலும் இருந்த மென்மையான பாறைகள் அரித்துப் போனதால் 233 மீட்டர் குன்றாக நிற்கிறது.

அசல் மலைத்தொடர் எங்கள் காலடியில் இருக்கிறது. வீடுகளுக்குக் கீழே ஏறத்தாழ 45 கோடி ஆண்டு வயதுள்ள சுண்ணாம்புக்கல், கிட்டத்தட்ட மட்டமான அடுக்குகளாக. அதற்கும் கீழே கிரென்வில் மலைத்தொடரின் வேர். வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் அதே வேர் லொரென்ஷியன் குன்றுகளாக வெளியே தெரிகிறது.

கிரென்வில் என்பது கியூபெக்கில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இரண்டு கண்டங்கள் மோதின. மற்றது இன்றைய தென்னமெரிக்காவின் அமசோனியப் பகுதி என்பது பலரும் ஏற்கும் கருத்து. தென்கிழக்கிலிருந்து வந்த அழுத்தத்தில் பாறைத் தட்டுகள் வடமேற்கு நோக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அடியில் இருந்தவை வெப்பத்தில் இளகி, பிசைந்த மாவைப்போல் மடிந்தன. நெடுஞ்சாலைக்காக வெட்டிய பாறைச் சுவர்களில் அந்த வரிவரியான மடிப்புகளை இன்றும் காணலாம்.

இமயமலையின் அடியில் புவிமேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடிமன். கிரென்வில்லும் அப்படி இருந்திருக்க வேண்டும். மேலே அரிக்க அரிக்க, சரக்கு இறக்கிய தோணிபோல் அடிப்பகுதி உயர்ந்து வரும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிகரங்கள் மறைந்து வேர் மேலே வந்துவிட்டது.

இந்த வேர்ப்பாறைகளில் ஒன்றின் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, தாமஸ் ஹாலந்து 1893இல் இட்ட பெயர். அந்தக் கல் போனது சென்னைக்கருகே பல்லாவரம் வட்டாரத்திலிருந்து! பல்லாவரத்துக் கல்குவாரி ஓரமாகப் பள்ளிக்குப் போன எனக்கு, லொரென்ஷியனில் அதே வகைப் பாறை உண்டு என்று படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

நம்மவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒரே கல், ஆகவே ஒரே நிலம், ஆகவே குமரிக்கண்டம் என்று கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் பாறைக்குள் இருக்கும் ஜிர்கான் மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். லொரென்ஷியன் கல் ஏறத்தாழ 115 கோடி ஆண்டு. பல்லாவரத்துக் கல்லோ சுமார் 250 கோடி. இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிலத்தில் உருவானவை. நீர்ச்சத்துக் குறைந்த, கடும் வெப்பமுள்ள ஆழத்தில் பிறந்தவை என்பதே ஒற்றுமை.

லொரென்ஷியனில் அந்தக் கல்லைத் தொட்டால் எனக்கு ஊர் நினைவு வருகிறது. அது என் நினைவு மட்டுமே. கல்லின் வரலாறு வேறு.