செடி தழைக்கிறது, பூ எங்கே?

பல வீடுகளில் நடக்கும் கதை இது.

தெருவில் தள்ளுவண்டி வருகிறது. வண்டி நிறைய ரோஜாச் செடிகள்! ஒவ்வொரு செடியிலும் ஒரு பூ சிரிக்கிறது. குடும்பத் தலைவி பேரம் பேசி ஒரு செடியை வாங்குகிறாள். கிணற்றடியில் நடுகிறாள். தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள். அரிசி கழுவிய நீரைக்கூட வீணாக்காமல் அதற்கே விடுகிறாள்.

ஒரு வருடம் ஆகிறது. செடி ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. ஆனால், பூவைக் காணோம்!

"ஏங்க, நம்ம செடி ஏன் பூக்கவே மாட்டேங்குது?" என்று கணவரிடம் கேட்கிறாள்.

"மண் சரியில்லை. பிடுங்கிப் போட்டுடு" என்கிறார் அவர்.

பிடுங்க வேண்டாம்! முதலில் குனிந்து அடித்தண்டைப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கீழே இருக்கிறான் திருடன்!

கடையில் விற்கும் ரோஜாக்களில் பல ஒட்டுச் செடிகள். காட்டு ரோஜாவின் தண்டில், நல்ல ரோஜாவின் மொட்டை வைத்து ஒட்டுகிறார்கள். ஒட்டிய இடம் முண்டு போலத் தெரியும்.

முண்டுக்கு மேலே வருவது நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய ரோஜா. கீழே வருவது காட்டு ரோஜா. இதற்கு வேகம் அதிகம். வேர் தரும் சத்தை எல்லாம் இதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேலே உள்ள நல்ல ரோஜா மெலிந்து செத்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? காட்டுக் கிளையில் பெரும்பாலும் ஒரு காம்பில் 7 சிற்றிலைகள் இருக்கும். ஆனால், அதை மட்டும் நம்ப வேண்டாம். மண்ணை விலக்கி, கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். முண்டுக்குக் கீழே என்றால், அடியோடு பிய்த்து எடுங்கள். மண் மட்டத்தில் வெட்டினால் மறுபடியும் வரும்.

முண்டுக்கு மேலே ஒரு பச்சைக் கிளை மிஞ்சியிருந்தாலும் போதும். செடி பிழைத்துக்கொள்ளும்.

நடுவது எப்படி?

ஊட்டிக் குளிரில்தான் ரோஜா வளரும் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் வெயிலிலும் வளரும். தினமும் 6 மணி நேரமாவது வெயில் படவேண்டும். அவ்வளவுதான்!

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுங்கள். சில நாள் வெயில் காயவிடுங்கள். பிறகு செம்மண், மணல், நன்கு மக்கிய சாண எரு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். முண்டு மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள்.

காலையில் வேரில் தண்ணீர் ஊற்றுங்கள். மாலையில் இலை நனைய ஊற்றினால் கரும்புள்ளி நோய் வரும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தொட்டியில் வைத்தால் அடியில் ஓட்டை அவசியம்.

வெட்டப் பயப்படாதீர்கள்!

"ஆசையாக வளர்த்த செடியை வெட்டுவதா?" என்று பலர் தயங்குகிறார்கள். ரோஜா புதுத் தளிரில்தான் பூக்கும். வெட்டினால்தான் தளிர் வரும்!

அக்டோபர், நவம்பர் மாதங்களில் கவாத்துச் செய்யுங்கள். காய்ந்த கிளை, நோய்க் கிளை, குச்சி போல மெலிந்த கிளை ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். மற்றக் கிளைகளைப் பாதி அளவுக்கு வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். பிறகு எரு வையுங்கள்.

கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வருகிறதா? சும்மா விடாதீர்கள். பச்சை தெரியும் இடம் வரை வெட்டி, வெட்டிய வாயில் போர்டோ பசை தடவுங்கள்.

வாடிய பூவையும் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் காய் பிடிக்கும். அடுத்த பூ தாமதமாகும்.

தளிரில் அசுவினிப் பூச்சி மொய்த்தால், 1 லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள்.

பன்னீர் ரோஜா இருக்கிறதே!

இவ்வளவு கவலை எதற்கு என்கிறீர்களா? பன்னீர் ரோஜா வையுங்கள். கொத்துக் கொத்தாகப் பூக்கும். வாசனையோ வீட்டையே தூக்கும்!

'எட்வர்ட் ரோஜா' என்றும் இதைச் சொல்வார்கள். இது பூர்போன் இனம். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு முன்பு பூர்போன் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே வேலியில் சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் அருகருகே நட்டிருந்தார்கள். இரண்டும் கலந்து பிறந்ததே இந்த இனம். வேலியில் பிறந்த செடி. அதனால்தான் இவ்வளவு உறுதி!

இதைக் குச்சி நட்டே வளர்க்கலாம். கவாத்தில் வெட்டிய குச்சிகளில், பென்சில் கனத்தில் உள்ளதை முக்கால் அடி நீளத்துக்கு நறுக்கி, ஈர மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். சில வாரங்களில் துளிர்க்கும். குச்சியில் வந்த செடிக்கு ஒட்டு இல்லை. எனவே திருடனும் இல்லை! அடியில் எந்தக் கிளை வந்தாலும் அதுவும் பன்னீர் ரோஜாதான்.

அடுத்த முறை அடுத்த வீட்டு அம்மாள் கவாத்துச் செய்யும்போது, குப்பையில் போகும் குச்சியில் இரண்டு கேட்டு வாங்குங்கள். காசு செலவில்லை. அடுத்த வருடம் உங்கள் மகளின் பின்னலில் உங்கள் வீட்டு ரோஜா இருக்கும்!