உங்களுக்குத் தெரியுமா? – விடிய விடிய ஹேக்கத்தான்

★ ஓரிடத்தில் கூடி ஒரே மூச்சில் நிரலோ கருவியோ உருவாக்கும் கூட்டம்தான் ஹேக்கத்தான். உலகின் முதல் ஹேக்கத்தான்களில் ஒன்று சட்டத்துக்குப் பயந்து நடந்தது. ரகசியக் குறியாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்ய அமெரிக்காவில் அப்போது ஏகப்பட்ட கெடுபிடி. அதனால் ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் 10 பேர் 1999 ஜூனில் கனடாவின் கல்கரி நகரில் கூடி உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். தொண்டு, பரிசுக் கோப்பை எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

★ கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ, நாசா, உலக வங்கி ஆகிய ஐந்தும் ஒரே பந்தலில் கூடியது 2009-இல். பேரிடர் உதவிக்கான 'ரேண்டம் ஹேக்ஸ் ஆஃப் கைண்ட்னஸ்' அது. வென்றது, 'நான் நலம்' என்று வீட்டாருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி. அவ்வளவுதான்! அடுத்த ஆண்டே ஹைட்டி, சிலி நிலநடுக்கங்களில் அது கைகொடுத்தது.

★ நம்மூர் 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' தொடங்கியது 2017-இல். அணிக்கு 6 மாணவர்கள். அதில் ஒரு பெண்ணாவது இருந்தே ஆக வேண்டும். மென்பொருள் பிரிவின் இறுதிச்சுற்று 36 மணி நேரம் இடைவிடாமல் ஓடும். கேள்வி கேட்பவை பெரும்பாலும் அரசுத் துறைகள்; கண் விழிப்பது மட்டும் மாணவர்கள்.

★ 2016-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 'மேக்எம்ஐடி' என்றொரு போட்டி. மொத்தம் 15 மணி நேரம். அச்சிட்ட எழுத்தைப் படம் பிடித்து, பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெயிலாக மாற்றி, விரலுக்கடியில் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவிக்கு ஆறு மாணவிகள் முன்மாதிரி செய்து முதல் பரிசைத் தட்டினார்கள். பிரெயில் திரை ஏற்கெனவே கடையில் கிடைக்கிறதே என்கிறீர்களா? கிடைக்கிறது, விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும். ஓர் எழுத்துக்கு 6 அல்லது 8 ஊசிகள். ஒவ்வோர் ஊசியையும், மின்சாரம் பாய்ந்தால் வளைகிற பீங்கான் பட்டை ஒன்று தூக்கி இறக்க வேண்டும். 40 எழுத்து கொண்ட ஒரே ஒரு வரிக்கு 320 ஊசி வரை ஆகும். விலை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போவது இதனால்தான். மாணவிகள் பரிசோடு கடையைக் கட்டவில்லை. பார்வையற்ற ஒருவரை ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 2017-இல் 10,000 டாலர் லெமெல்சன்-எம்ஐடி மாணவர் பரிசு தேடி வந்தது.

★ அதே பரிசை 2016-இல் வாங்கியது, சைகையைப் பேச்சாக மாற்றும் ஒரு கையுறை. (ஹேக்கத்தானில் பிறந்ததல்ல, ஆனாலும் அந்த வகைதான்.) பாராட்டு குவிந்தது, காது கேளாதோர் தரப்பிலிருந்தோ கண்டனம் வந்தது. சைகை மொழியின் இலக்கணம் பாதி முகத்தில் இருக்கிறது. புருவம் உயர்ந்தால் கேள்வி. கையுறைக்குப் புருவம் எங்கே தெரியும்? தவிர, கேட்கும் காது உள்ளவர்களின் வசதிக்காகக் காது கேளாதோர் ஏன் கையுறை மாட்டிக்கொண்டு அலைய வேண்டும்?

★ மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்க எம்ஐடி மாணவர்கள் 2014 முதல் நடத்தும் 'ஏடிஹேக்'கில் இந்தத் தகராறுக்கு இடமில்லை. ஒவ்வோர் அணியிலும் அந்த வட்டாரத்து மாற்றுத்திறனாளி ஒருவர் சக வடிவமைப்பாளராக இருப்பார். தேவை என்னவென்று சொல்பவர் அவர்தான். எனக்குப் பிடித்த போட்டி இது.

★ 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தின்போது மீட்புப் பணிக்கான 'கேரளா ரெஸ்க்யூ' இணையதளத்தை அம்மாநில ஐடி மிஷனோடு சேர்ந்து எழுப்பியவர்கள் தன்னார்வலர்களான பொறியாளர்களும் மாணவர்களும். நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் அதன் நிரல் திறந்தே கிடந்ததால், எங்கோ இருந்தவர்களும் பிழை திருத்த முடிந்தது. பரிசு, நடுவர், டீ-ஷர்ட் எதுவும் இல்லாத ஹேக்கத்தான் அது.

★ தாய்ப்பால் பம்ப்பைச் சீர்திருத்தவே ஒரு ஹேக்கத்தான் நடந்தது. 2014 செப்டம்பரில், எம்ஐடி மீடியா லேபில். சுமார் 150 பேர் வந்தார்கள். அவர்களில் கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் உண்டு. முதல் பரிசு, இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட் வடிவ பம்ப்புக்கு. 2018-இல் மறுபடி கூடியபோது, பம்ப்போடு பேறுகால விடுப்பையும் விவாதத்துக்கு எடுத்தார்கள். சரியான இடத்தில்தான் கை வைத்தார்கள். நம் நாட்டில் 2017 முதல், முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். அமெரிக்காவிலோ தனியார் துறைப் பெண்களுக்குச் சம்பள விடுப்பு தரச் சொல்லும் தேசியச் சட்டமே இல்லை.