கிளாரெண்டன் (எழுத்துரு)

கிளாரெண்டன் என்பது ஆங்கிலம் முதலான இலத்தீன் எழுத்து மொழிகளை அச்சிடப் பயன்படும் தடித்த எழுத்துரு ஆகும். இது 1845-ஆம் ஆண்டு இலண்டனில் இருந்த ஃபேன் தெரு எழுத்து வார்ப்பகத்தில் இராபர்ட் பெஸ்லி என்பவரால் வெளியிடப்பட்டது. இதன் அச்சுகளைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். ஒரே வரியில் சாதாரண எழுத்தோடு சேர்ந்து நிற்கும் தடித்த எழுத்து என்னும் வழக்கம் பரவுவதற்கு இவ்வெழுத்துரு பெரிதும் காரணமாயிற்று.

தேவை

இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்தச் சொல்லும் தடித்துவிடும். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் அது இயலாது. தடித்த எழுத்து வேண்டுமெனில் ஒவ்வோர் எழுத்தையும், ஒவ்வோர் அளவிலும் தனியே செதுக்கி வார்க்க வேண்டும். அதனால் ஒரு சொல்லை வலியுறுத்தச் சாய்வெழுத்தையோ பேரெழுத்தையோ பயன்படுத்தினர். விளம்பரங்களுக்கென இருந்த மிகப் பருமனான எழுத்துகள் நூலின் வரிகளோடு ஒட்டவில்லை. அகராதி போன்ற நூல்களில் தேடும் சொல் கண்ணில் படுவதற்கு அளவான தடிமனுள்ள எழுத்து தேவைப்பட்டது.

வடிவமைப்பு

எழுத்துக் கோடுகளின் முனையில் உள்ள சிறு குறுக்குக் கோடு செரிஃப் எனப்படும். கிளாரெண்டனில் செரிஃப்கள் தடிமனானவை. ஆனால் அவை செங்கோணமாக முறியாமல், வளைந்து தண்டோடு இணைகின்றன. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிதமானது. சிற்றெழுத்துகள் சிலவற்றின் முனைகள் உருண்டையாக முடிகின்றன. இக்கூறுகளால் எழுத்து கனமாக இருந்தாலும் உட்புற வெளி அடைபடுவதில்லை. சிறிய அளவிலும் தெளிவாகப் படிக்கலாம்.

உரிமையும் நகல்களும்

1842-ஆம் ஆண்டின் அலங்கார வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பெஸ்லி இதனைப் பதிவு செய்தார். அச்சட்டம் தந்த பாதுகாப்பு மூன்று ஆண்டுகளே. அது முடிந்ததும் பிற வார்ப்பகங்கள் இதே போன்ற எழுத்துகளை வெளியிட்டன. உருவாக்கியவருக்கு இது இழப்பு. எனினும் அந்த நகல்களால்தான் இவ்வடிவம் எங்கும் பரவியது. நாளடைவில் கிளாரெண்டன் என்பது இவ்வகை எழுத்துகள் அனைத்துக்குமான பொதுப்பெயராகவும் ஆனது.

பயன்பாடு

* ஜேம்ஸ் மரே பதிப்பித்த ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884-இல் வெளிவந்தது. அதில் தலைச்சொற்கள் கிளாரெண்டன் வகை எழுத்தில் அச்சாயின.
* அமெரிக்காவில் மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகளாகச் சுவரொட்டிகளில் இடம்பெற்றது.
* 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக எர்மன் ஐடன்பென்ஸ் இதைப் புதுப்பித்தார்.
* அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் சாலை வழிகாட்டிப் பலகைகளில் நெடுங்காலம் பயன்பட்டது.

கையாளும் முறை

தலைப்பு, தலைச்சொல், அறிவிப்புப் பலகை ஆகியவற்றுக்கு இது ஏற்றது. நீண்ட உரைநடைக்கு ஏற்றதன்று. பக்கம் கருத்துக் கண்ணைச் சோர்வடையச் செய்யும். தடித்த எழுத்தின் பயன் அதைச் சுற்றியுள்ள மெல்லிய எழுத்துகளால்தான் கிடைக்கிறது. மாணவர் குறிப்பேட்டில் எல்லா வரிகளையும் அடிக்கோடிட்டால் எது முக்கியம் எனத் தெரியாமல் போவது போல, பக்கம் முழுவதும் தடித்த எழுத்தானால் எந்தச் சொல்லும் தனித்து நிற்காது.