தனித்து வாழப் பழகிட உதவும் உங்கள் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் என்ன செய்கிறோம்? பாட்டு கேட்கிறோம், கல்யாண போட்டோக்களைப் போட்டுப் பார்க்கிறோம், மின் கட்டணம் கட்டுகிறோம். இந்தக் கட்டுரையில் சற்று வேறுபட்ட ஒரு பயன்பாட்டினைப் பார்க்கலாம். ஆட்டிசம் உள்ள ஒருவர் உங்கள் வீட்டிலோ, உறவிலோ, பக்கத்து பிளாட்டிலோ இருக்கலாம். அவர் வளர்ந்து பெரியவராகியும் இருக்கலாம். அவர் தன் வேலைகளைத் தானே செய்து, நாளை பெற்றோர் இல்லாத ஒரு வீட்டிலும் வாழ்ந்திட, உங்கள் கம்ப்யூட்டரைக் கொண்டே தயார் செய்திடலாம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். என் அண்ணனுக்கு ஆட்டிசம் உண்டு. வயது 33. மந்தைவெளியில் அப்பா, அம்மாவுடன் இருக்கிறார். மாதம் இரண்டு வார இறுதிகளில் அடையாறு பக்கம் உள்ள ஒரு குழு இல்லத்தில் தங்கிப் பழகி வருகிறார். அதற்காக நாங்கள் வீட்டில் செய்தவற்றைத்தான் இங்கு எழுதுகிறேன்.

குழு இல்லம் என்றால் என்ன?

ஆட்டிசம் ஒரு நோய் அல்ல. மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு மாறுபாடு. பேசுதல், பழகுதல், ஒலி, ஒளி, தொடுதலைத் தாங்குதல் ஆகியவற்றில் இவர்கள் மற்றவர்களிலிருந்து வேறுபடுவார்கள். 1943ல் லியோ கானர் என்ற மருத்துவர் இதனைக் குழந்தைகளிடம் விவரித்து எழுதினார். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆவார்கள் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

குழு இல்லத்தில் சிலர் ஒரே வீட்டில் வசிப்பார்கள். உடன் உதவியாளர் இருப்பார். சமைப்பது, துவைப்பது, கடைக்குப் போவது எல்லாம் அவரவர் வேலை. முடியாத இடத்தில் மட்டும் உதவி கிடைக்கும். பழகப் பழக அந்த உதவி குறைந்து கொண்டே வர வேண்டும். எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 2006ல் வந்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு தருகிறது. இந்தியா 2007ல் இதனை ஏற்றது. 1999ல் இயற்றப்பட்ட நேஷனல் டிரஸ்ட் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. இந்த அமைப்பு, 18 வயதைக் கடந்தவர்கள் ஆயுள் முழுவதும் தங்கிட, ‘கரௌந்தா’ என்ற குழு இல்லத் திட்டத்தைக் கொண்டு வந்தது.

ஒரே ஒரு காப்பி

என் அண்ணனுக்குக் குக்கர் விசில் ஆகாது. காதைப் பொத்திக் கொண்டு வெளியே போய்விடுவார். சட்டையில் ஒரு சொட்டு தண்ணீர் பட்டாலும் உடனே மாற்ற வேண்டும். சட்னி தோசையின் மேல் படக் கூடாது. தனிக் கிண்ணத்தில் தர வேண்டும். கரண்ட் போனால் ‘இத்தனை மணிக்கு வரும்’ என்று ஒரு நேரத்தைச் சொல்ல வேண்டும். இப்படி நூறு விஷயங்கள். இவை அனைத்தும் ஒரே ஒரு இடத்தில்தான் பதிவாகி இருந்தன. அது அம்மாவின் தலை.

முக்கியமான பைலை ஒரே டிஸ்க்கில் வைக்காதீர்கள், பேக்-அப் எடுங்கள் என்று இது போன்ற இதழ்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அம்மாவுக்கு வயது 62. ‘எங்களுக்குப் பிறகு இவன் என்ன செய்வான்?’ என்று கேட்காத நாளில்லை. அந்தக் கேள்விக்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் பேக்-அப் எடுக்க முடியும். அண்ணனின் பெயரில் ஒரு போல்டர் திறந்தோம்.

முதல் பைல்: என்னைப் பற்றி

வேர்ட் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஒரே ஒரு பக்கம் டைப் செய்திடவும். மூன்று தலைப்புகள் போதும். எனக்குப் பிடித்தவை, என்னைத் தொந்தரவு செய்பவை, எனக்கு எப்படி உதவ வேண்டும். சம்பந்தப்பட்டவரையே அருகில் அமர்த்திக் கேட்டு எழுதுங்கள். பேசாதவர் என்றால் படங்களைக் காட்டிக் கேளுங்கள். இது அவரைப் பற்றிய பைல். எதை அடுத்தவருக்குக் காட்டலாம் என்பதும் அவர் விருப்பமே.

வேலைகளைப் படம் பிடியுங்கள்

ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதை எளிதாகப் பின்பற்றுவார்கள். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் உருவாக்கிய ‘டீச்’ முறையின் அடிப்படையும் இதுதான். ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, வரிசையாகக் கண்ணில் படும்படி வைப்பார்கள். புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது பழக்கமான வழிதான்.

ரைஸ் குக்கரில் சாதம் வைப்பதை எடுத்துக் கொள்வோம். எலக்ட்ரிக் குக்கர் என்பதால் விசில் தொல்லையும் இல்லை.

1. ஒவ்வொரு படியையும் மொபைல் போனில் ஒரு போட்டோ எடுக்கவும். டம்ளரில் அரிசி, கழுவுதல், தண்ணீர் அளவு, மூடி, சுவிட்ச் என எங்களுக்கு ஒன்பது படிகள் வந்தன.

2. போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, படங்களை ஒரு போல்டருக்கு காப்பி செய்திடவும்.

3. பைல்களுக்கு 01, 02, 03 எனப் பெயர் மாற்றவும். வெறும் 1, 2 என்று கொடுத்தால் சில சாதனங்களில் 10ஆவது படம் 2க்கு முன்னால் வந்து நிற்கும்.

4. லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் திறந்து, இன்சர்ட் மெனுவில் மீடியா, அதில் போட்டோ ஆல்பம் தேர்ந்தெடுக்கவும். ஆட் பட்டனை அழுத்திப் படங்களைச் சேர்த்து, ஸ்லைடுக்கு ஒரு படம் என அமைக்கவும். பவர்பாயிண்ட்டில் இன்சர்ட் மெனுவிலேயே போட்டோ ஆல்பம் உண்டு.

5. ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு சிறு வரி டைப் செய்திடவும். ‘சுவிட்சைப் போடு’ போதும்.

6. இதனை பி.டி.எப். பைலாக மாற்றி, அவருடைய போன் அல்லது டேப்லெட்டில் போட்டுக் கொடுக்கவும்.

குளியல் போன்ற வேலைகளுக்கு சோப்பு, பக்கெட், டவலை மட்டும் படம் எடுங்கள். ஆளைப் படம் எடுக்க வேண்டாம்.

பேசாதவர்களுக்கு

இந்த வசதிக்கு நம் சென்னையே வழிகாட்டியிருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், 1985ல் தொடங்கப்பட்டு, கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யாசாகர் அமைப்புடன் இணைந்து ‘ஆவாஸ்’ என்ற சாதனத்தை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது சொல்லாகப் பேசும். இதற்காக 2011ல் எம்.ஐ.டி.யின் டெக்னாலஜி ரிவியூ இதழ், 35 வயதுக்குட்பட்ட கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. பின்னர் ஆவாஸ், டேப்லெட்டில் இயங்கும் அப்ளிகேஷனாக வந்தது. வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள். ‘வேண்டாம்’, ‘வலிக்கிறது’ என்ற இரண்டையும் சொல்ல முடிவது, புது இடத்தில் தங்கும் ஒருவருக்கு மிகப் பெரிய பாதுகாப்பு.

ரயிலும் பணமும்

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் கிரீன்வேஸ் ரோடு, கோட்டூர்புரம், அடுத்து கஸ்தூரிபா நகர். மூன்று ஸ்டேஷன்களின் பெயர்ப் பலகைகளையும் படம் எடுத்து அதே முறையில் ஆல்பம் செய்தோம். முதலில் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பிறகு அதே பெட்டியின் கடைசியில் நின்றேன். இப்போது கஸ்தூரிபா நகர் பிளாட்பாரத்தில் காத்திருக்கிறேன்.

கடையில் பணம் கொடுக்க, 2024ல் வந்த யு.பி.ஐ. சர்க்கிள் வசதியைப் பாருங்கள். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அவர் செலவழிக்க வரம்பு வைத்து அனுமதிக்கலாம். முழு அனுமதியில் மாதம் ரூ.15,000, ஒரு முறைக்கு ரூ.5,000 என்பது உச்ச வரம்பாக அறிவிக்கப்பட்டது. இதைவிடக் குறைத்தும் வைக்கலாம். உங்கள் பின் எண்ணை அவரிடமோ, உதவியாளரிடமோ தரத் தேவையில்லை.

மெதுவாக விலகுங்கள்

பக்கத்தில் நின்று ‘அடுத்து தண்ணீர் ஊத்துப்பா’ என்று நாம் சொல்லிக் கொண்டே இருந்தால், அந்தக் குரல் இல்லாமல் அவர் கை நகராது. படம் அப்படி இல்லை. பழகிய பின் ஒன்பது ஸ்லைடுகளை ஐந்தாக்கலாம், பிறகு இரண்டாக்கலாம். மாதம் ஒரு முறை எவை தேவைப்படவில்லை என்று பார்த்து நீக்கவும். பழைய பைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். உடல்நலம் சரியில்லாத நாட்களில் தேவைப்படும்.

இத்துடன் அரசு வேலைகளையும் முடித்திடவும். ஆட்டிசம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. 2021 ஜூன் 1 முதல் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழை ஸ்கேன் செய்து அதே போல்டரில் சேமிக்கவும்.

இப்போது அண்ணன் இல்லத்துக்குப் போகும்போது டேப்லெட்டும் கூடவே போகிறது. அங்குள்ள உதவியாளர் அம்மாவுக்குப் போன் செய்து கேட்பது குறைந்திருக்கிறது. சென்ற முறை மூன்று பேருக்கு அண்ணன்தான் சாதம் வைத்திருக்கிறார். தண்ணீர் கொஞ்சம் அதிகமாம். ஐந்தாவது ஸ்லைடில் டம்ளர் அளவை அம்மா மாற்றச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இன்றே ஒரு போல்டரைத் திறந்து, ஒரே ஒரு வேலையைப் படம் பிடியுங்கள். முடித்ததும் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து, குடும்பத்தில் இன்னொருவரிடம் கொடுத்து வைக்க மறக்காதீர்கள்.