துவர்ப்பின் பெருமை

அறுசுவைகளை எண்ணச் சொன்னால் நம் மாணவர் இனிப்பில் தொடங்குவர். துவர்ப்பு பெரும்பாலும் இறுதியிலேதான் நினைவுக்கு வரும். ஆயினும், அச்சுவையையே உயிராகக் கொண்டு உலகப் புகழ் பெற்ற பானம் ஒன்றுண்டு. பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, போர்தோ நகரைச் சூழ்ந்த நாட்டில் வடிக்கப்படும் செந்திராட்சை மதுவே அது. அதனை அருந்துமாறு எவரையும் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் இயல்பை ஆராய்ந்தால் நம் அடுக்களையின் நுட்பம் நமக்கே விளங்கும் என்பதனாலேயே எழுதுகிறேன்.

கருந்திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. நிறம் தோலில் உள்ளது. துவர்ப்பு தோலிலும் விதையிலும் உள்ளது. ஆதலால் செம்மது வடிப்போர் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க விடுகின்றனர். போர்தோவின் மெடொக் பகுதியில் முதன்மை பெற்ற கபர்னே சோவிஞ்ஞோன் என்னும் திராட்சை சிறியது, தடித்த தோலுடையது. எனவே துவர்ப்பு மிகுந்தது. அங்குள்ள பரல்நிலம் நீரை விரைவில் வடியவிட்டு, வெப்பத்தைத் தேக்கி, தாமதித்துப் பழுக்கும் அக்கனியை முதிரச் செய்கிறது. ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்காகக் கிடந்து பின்னர் புட்டியில் அடைபடும் அம்மதுவின் துவர்ப்பு, ஆண்டுகள் செல்லச் செல்ல மென்மையடைகிறது. 1855ஆம் ஆண்டில் அங்குள்ள சிறந்த தோட்டங்களை ஐந்து தரங்களாக வகுத்தனர். அவ்வரிசை சிற்சில மாற்றங்களுடன் இன்றும் வழங்குகிறது.

துவர்ப்பு தருவது தனின் என்னும் பொருள். அது உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ள, வாயின் வழுவழுப்புக் குன்றி நாவு இறுகுகிறது. ஆனால் புரதமும் கொழுப்பும் நிறைந்த இறைச்சியை உண்ணும்போது அவ்விறுக்கம் தளர்கிறது. மெடொக்கிலுள்ள பொயாக் என்னும் ஊரார் தம் மதுவுக்கு வாட்டிய ஆட்டிறைச்சியைத் துணையாக்கிய காரணம் இதுவே.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்துத் தாய்மாரும் அறிவர். வெறுந்தேநீரின் கயர், பால் விட்டவுடன் தணிகிறது. பாலின் புரதம் தனினைக் கவர்ந்துகொள்வதே காரணம். வாழைப்பொத்தியை நறுக்கி, உப்பிட்டுப் பிசைந்து, கயரைப் பிழிந்தகற்றித் தேங்காய்ப்பூவுடன் வறை செய்கிறோம். கயர் முற்றும் போய்விடுவதில்லை. சுவைக்கு வேண்டிய அளவு எஞ்சி நிற்கிறது.

அப்படியாயின் அம்மது நம் உறைப்பான கறிக்கு ஏற்குமோ? ஏலாது. மதுசாரமும் துவர்ப்பும் மிளகாயின் எரிவை மிகுவிக்கும். அவ்வெரிவைத் தணிக்கவல்லவை தயிரும், தேங்காய்ப்பால் விட்ட சொதியும். ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் மண்ணின் விளைவுக்கேற்பவே உணவும் துணையும் அமைத்துக்கொண்டனர்.

மருதனார்மடத்தை அடுத்த செம்மண் தோட்டங்களிலும் திராட்சைக் கொடி படர்கிறது. போர்தோவில் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் கொடி ஆண்டுக்கு ஒருமுறையே பலன் தரும். இங்கோ கவாத்துச் செய்தே அதனைப் பூக்க வைக்கிறோம். ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் காய்க்கிறது. கொடி ஒன்றாயினும் மண்ணும் காலமும் வாழ்வை மாற்றிவிடுகின்றன.

இன்று நம் பிள்ளைகள் பலர் வாழைப்பொத்தியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, சீனி மிகுந்த புட்டிப் பானங்களை நாடுகின்றனர். இனிப்பொன்றையே அறிந்த நாவு மற்றச் சுவைகளை இழந்துவிடும். சிறுவயதில் பழக்காத சுவையைப் பின்னர் விரும்பச் செய்தல் எளிதன்று. பிரெஞ்சு மக்கள் தம் துவர்ப்பைப் போற்றி உலகறியச் செய்தனர். நாமோ நம் துவர்ப்பை உணவுத் தட்டிலேனும் காப்போமாக.